ப்ரோ இல்ல

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒன்பதாவது தடவையாக நான் அந்தோணியை எழுப்பப் பார்த்து அவர் எழுந்திரிக்காமல் போனபோது, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டெரிக் "ப்ரோ" என்றார்.

அந்தோணி ஆள் இல்லை, ஒரு கம்ப்யூட்டர். அதுவும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய கம்ப்யூட்டர் இல்லை. மந்தைவெளியில் எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியில் டைப்ரைட்டிங்கும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுக்கும் சென்டர் ஒன்றை நானும் என் கணவர் டெரிக்கும் நடத்துகிறோம். சுவரோரமாக எட்டுப் பழைய கம்ப்யூட்டர்கள். மூலையில் லினக்ஸ் ஓடும் ஒரு கறுப்புப் பெட்டி. அந்த ஒரு பெட்டிக்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் குடியிருப்பதாக நான் விசுவசிக்கிறேன். பார்த்ததில்லை. நான்கு வருஷத்துக்கு முன் டெரிக்தான் உட்கார்ந்து செய்தார். அந்தோணி, சூசை, லூர்து என்று பேர் வைத்ததும் அவரே. "பெட்டிதான் வீட்டுக்காரன், உள்ள இருக்குறவங்க விருந்தாளிங்க" என்று அவர் விளக்கியபோது நான் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பரீட்சைக்குப் பிள்ளைகள் பழகும் சாப்ட்வேர் அரதப் பழசு, புது மெஷினில் ஓடாது. அதனால் அந்தோணிக்குள் வைத்தார். எட்டுக் கம்ப்யூட்டரும் வயர் வழியாக அந்தோணியிடம் போய்ப் பேசிக்கொள்ளும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கரண்டு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டா மிக்சி போடுகிறோம்.

ஜூலை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு முழுசாகப் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அவரிடம் இரண்டே வார்த்தைகள்தான் மிச்சம்: ஆமா, இல்ல. அவையும் சில நேரம் இடம் மாறி வரும். காபி வேண்டுமா என்றால் இல்ல என்பார், கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொள்வார். ஆனால் சாயங்காலம் ஜெபம் சொல்ல உட்கார்ந்தால் "அருள் நிறைந்த மரியே" முதல் ஆமென் வரை ஒரு சொல் பிசகாமல் தண்ணீராக ஓடும். முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் அழுதேன். ஆமென் முடிந்ததும் தண்ணீர் கேட்கத் தெரியாமல் சொம்பைக் காட்டினார். அது வேற இது வேற, மனப்பாடம் மூளையில் வேறு அறையில் இருக்கும் என்றார் டாக்டர். எழுதவும் வரவில்லை. இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் கோழி கிளறிய மாதிரிதான் வந்தது.

போன மாத மழையில் இடி ஒன்று பக்கத்துத் தெருவில் விழுந்து எங்கள் பெட்டியில் வயர் செருகும் வாய் கருகிப்போனது. ஈக்காட்டுத்தாங்கலில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் ராம்குமார் வந்து வேறொரு கார்டு மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தோணி கண் திறக்கவில்லை. போன் போட்டால், "புது கார்டுக்கா, அதான் பேரு மாறிக்கீது. பழைய பைலத் தூக்கிட்டு நான் சொல்ற மாரி அடிங்க. உள்ள கீற மெஷினுக்கும் வெளிய கீற வயருக்கும் நடுவுல ஒரு பாலம் கட்டணும். பாலத்துக்கு ப்ரோன்னு பேரு வெச்சுக்கங்க, எல்லாரும் அதான் வெப்பாங்க" என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். டைப்பிங் டீச்சர்; அடிப்பதற்கு எனக்கா சொல்லித்தர வேண்டும். பாலம் உடனே எழுந்து நின்றது. பெட்டியில் இன்டர்நெட் வந்தது. எட்டுக் கம்ப்யூட்டருக்கும் பெட்டி தெரிந்தது. அந்தோணியை எழுப்பினால் மட்டும், ப்ரோ என்று எதுவுமே இங்கே இல்லை என்று ஒரு வரி வந்து விழுந்தது.

அதுதான் எனக்கு மண்டை காய்ந்த இடம். ஒரு கட்டளை போட்டால் ப்ரோ இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்கிறது. அடுத்த கட்டளை போட்டால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. ஒரே பெட்டி, ஒரே திரை, இரண்டு வரி இடைவெளி. பாலத்தை அழித்துவிட்டுத் திரும்பக் கட்டினேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். பெட்டியை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டேன். திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினால், பழைய மானிட்டர், ஒரே கலங்கலாக விழுந்தது. அந்த மானிட்டரில் தூசிப் புள்ளிகள் வேறு அங்கங்கே இருக்கும், துப்பட்டாவால் எவ்வளவு துடைத்தாலும் சிலது போகாது. ராம்குமார் போட்டோவைப் பார்த்துவிட்டு, "எல்லாம் கரெக்டாத்தான்க்கா கீது" என்றார். பிறகு, "ஞாயித்துக்கெழம வந்து மொத்தமா அழிச்சிட்டு புதுசா போட்டுத் தந்துடறேன்" என்றார். மொத்தமா என்றால் என்ன என்று கேட்டேன். "மொத்தமாத்தான்."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கல்லூரியிலிருந்து சரண்யா மேடம் நாற்பது பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புகிறார். அந்த பேட்ச் கைவிட்டுப் போனால் சென்டரை மூட வேண்டியதுதான். ஆக, அந்தோணி எழுந்தாக வேண்டும். ஆனால் ராம்குமார் அழித்துவிட்டுப் புதுசு போட்டால், டெரிக் நான்கு வருஷம் உட்கார்ந்து கட்டியது ஒரு மதியத்தில் போய்விடும். பேச்சு இருந்தபோது அவர் செய்து வைத்தவற்றில் இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். பத்து நாளாக அவர் காலையில் பல் தேய்த்ததும் கீழே இறங்கி என் பின்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக்கூட நகர மாட்டார். மேசை மேல் இடது கை விரலால் ஒரு வட்டம் போட்டு அதன் நடுவில் ஒரு குத்துக் குத்துவார். தட்டா என்று தட்டு கொண்டுவந்தேன். மாத்திரையா என்று மாத்திரை கொண்டுவந்தேன். பொட்டுக்கடலை வரைக்கும் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றையும் பார்த்து ஆமா என்பார், தள்ளிவிடுவார்.

அப்படிப்பட்ட மனுஷர்தான் அந்த வியாழக்கிழமை "ப்ரோ" என்றார்.

மூன்று மாதத்தில் அவர் வாயில் வந்த முதல் புது வார்த்தை. நான் திரும்பிப் பார்த்தேன். திரைப் பக்கமாகக் கையை நீட்டினார், அந்தப் பக்கம்தான் வாசலும். "ப்ரோ… இல்ல" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூடவே, சொல்லிவிடுகிறேன், பொறாமையாகவும் இருந்தது. மூன்று மாதமாகக் குளிப்பாட்டி, ஊட்டி, உடுத்திவிடுகிறவள் நான். ஜொவிட்டா என்று வரவில்லை. ப்ரோ என்று வந்தது.

எங்கள் வீட்டில் ப்ரோ என்றால் ஒரே ஆள்தான், டெரிக்கின் அண்ணன் பவுல்சாமி. பதினெட்டு வயதில் சாமியாராகப் போகிறேன் என்று செமினரியில் சேர்ந்தார். சாமியாருக்குப் படிப்பவர்களைப் பிரதர் என்றுதானே கூப்பிடுவோம். ஐந்து வருஷம் கழித்து வேண்டாம் என்று வந்துவிட்டார், அல்போன்சா அக்காவைக் கல்யாணமும் செய்துகொண்டார், ஆனால் பேர் மட்டும் போகவில்லை. எங்கள் கோவில் பங்கு ஜனங்கள் முழுக்கப் பிரதர் என்றே கூப்பிட்டு, அது தேய்ந்து ப்ரோ ஆகிவிட்டது. இப்போதைய பிள்ளைகள் வாய்க்கு வாய் ப்ரோ என்பதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே சாந்தோமில் அவர் ப்ரோ. நான் கல்யாணமாகி வந்த புதுசில் மாமா என்று கூப்பிட்டேன். "யாரக் கூப்புடறன்னே தெரியல, ப்ரோன்னே சொல்லும்மா" என்று சிரித்தார்.

அந்த ப்ரோ எங்கள் வாசற்படி மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் பெருமழையில் மாமனார் இறந்தார். ப்ரோவுக்கு வேளச்சேரியில் வீடு. அங்கே தரைத்தளம் முழுகி, அவர் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டார். போனும் செத்துப்போயிற்று. இங்கே கல்லறையில் வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இப்போ வைத்தால்தான் உண்டு, விட்டால் இரண்டு நாள் ஆகும் என்று குழி வெட்டியவர்கள் சொன்னார்கள். டெரிக் மூன்று மணி வரை தெரு முனையையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு தூக்கச் சொல்லிவிட்டார். ப்ரோ கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து, படகு ஏறி, லாரி ஏறி ஐந்தரைக்கு வந்து சேர்ந்தார். மண் மூடியாயிற்று. "ஒரு மணி நேரம் எனக்காவ நிக்க முடியலயாடா?" என்றார். டெரிக், "நீ எங்க இருந்த ப்ரோ?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பக்கவாதம் வந்தபோது நான் அல்போன்சா அக்காவுக்குத் தகவல் சொன்னேன். அவர்தான் வந்து பார்த்துவிட்டுப் போனார். ப்ரோ ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து திரும்பிவிட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் டெரிக் விடவில்லை. ப்ரோ, ப்ரோ இல்ல, ப்ரோ. நான் சமையலறையில் இருந்தால் மேசையைத் தட்டிக் கூப்பிட்டு ப்ரோ. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் போனை எடுத்தேன்.

"ப்ரோ, நான் ஜொவிட்டா."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவரு உங்களக் கேக்குறாரு."

"பேச்சு வந்துடுச்சா?"

"வரல. உங்க பேரு மட்டும் வந்திருக்கு."

போனை வைத்துவிட்டாரா, கட்டாகிவிட்டதா என்று தெரியவில்லை. ஆனால் சனிக்கிழமை பதினோரு மணிக்கு, பறக்கும் ரயிலில் மந்தைவெளியில் இறங்கி, ஒரு பாக்கெட் ரஸ்க்கும் ஆறு சாத்துக்குடியும் எடுத்துக்கொண்டு ஆள் வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் மாட்டினார், திரும்பவும் கழற்றினார். "உள்ள வாங்க ப்ரோ" என்றேன்.

டெரிக் வழக்கம்போல் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். ப்ரோ ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்கு நேராகப் போட்டுக்கொண்டார். திரைக்கு முதுகைக் காட்டி, தம்பிக்கு முகத்தைக் காட்டி. டெரிக் அண்ணனைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் முகத்தில் ஒரு திகைப்பு இருந்தது, அது எனக்கு அப்போதே கொஞ்சம் இடித்தது. கூப்பிட்ட ஆள் வந்ததற்கு யாராவது அப்படித் திகைப்பார்களா. அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அப்புறம் இடது கையை நேராக நீட்டினார். கை அண்ணன் நெஞ்சில் போய் முட்டியது.

"ப்ரோ" என்றார்.

"வந்துட்டேன்டா."

"ப்ரோ… இல்ல."

ப்ரோ தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாண்டா. நான் இல்ல. அன்னிக்கி நான் இல்ல. ரெண்டு வருசமா அதான் எனக்கும் ஓடிக்கினே இருக்கு. நீ வெச்சது தப்பு இல்லடா. நீ மூணு மணி வரிக்கும் நின்னியாமே, அல்போன்சா சொன்னா. தண்ணில நடந்து வரச்சொல்லோ என்னா வேண்டிக்கினேன் தெரியுமா? நான் போறதுக்குள்ள வெச்சிடணும், அப்பா மொகத்தப் பாக்குற தைரியம் எனக்கு இல்லன்னு. வேண்டிக்கினது நடந்துச்சு. அந்தக் கோவத்த ஒம்மேல காட்டிட்டேன்."

இதை யாரிடமும் அவர் சொன்னதில்லை என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது. நான் காபி டம்ளரோடு நடு அறையில் நின்றுவிட்டேன். டெரிக்குக்கு எல்லாம் புரிகிறது, கேட்பதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. அண்ணன் கன்னத்தை இடது கையால் தடவினார். பிறகு அதே கையால் அண்ணன் தொடை மேல் ஒரு வட்டம் போட்டார். நடுவில் ஒரு குத்து.

"இன்னாடா? ஜெபமாலயா?" ப்ரோ சட்டைப் பையிலிருந்து தன் ஜெபமாலையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். டெரிக் அதை உதட்டில் ஒற்றி முத்திசெய்து மடியில் வைத்துக்கொண்டார். மறுபடியும் வட்டம். நடுவில் குத்து. மறுபடியும் தோளுக்கு மேலாகப் பார்வை.

"இன்னாம்மா சொல்றான்?"

எனக்கு என்ன தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பார்வை போன திசையில் நானும் பார்த்தேன். ப்ரோவின் காதுக்குப் பக்கத்தில் திரையின் ஓரம் தெரிந்தது. நேற்று நான் கடைசியாக விட்டுப்போன வரி அப்படியே நின்றது, அந்தோணி எழுந்திரிக்க மாட்டேன் என்று சொல்லும் வரி. அதில் ப்ரோ என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு நடுவில் ஒரு புள்ளி. துப்பட்டாவால் பத்து நாளாக நான் துடைத்துக்கொண்டிருந்த தூசிப் புள்ளிகளில் ஒன்று. வட்டம், நடுவில் குத்து.

"கொஞ்சம் நகருங்க ப்ரோ" என்றேன். அவர் ஸ்டூலோடு நகர்ந்தார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்தேன். அந்தோணி கேட்டது டெரிக் அப்போதே எழுதி வைத்த br0. நான் கட்டி வைத்திருந்தது bro. ஒன்றில் நடுவில் புள்ளி வைத்த சைபர், ஒன்றில் வெறும் வட்டமாக ஓ. ராம்குமார் வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றுதான், என் காதில் அது ஒரு மனுஷர் பேராகவே விழுந்தது, மனுஷர் பேரில் சைபர் எப்படி வரும். போதாததற்கு, எங்கள் பழைய டைப்ரைட்டர்களில் சைபர் கிடையாது. சைபர் வந்தால் ஓ அடிங்கம்மா என்று இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். பாலம் இருந்தது. அந்தப் பேரில் இல்லை. பத்து நாளாகத் திரை இரண்டு உண்மையைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

நின்றபடியே பைலைத் திறந்து அந்த ஒரு எழுத்தை அழித்துச் சைபர் போட்டேன். பாலம் விழுந்து புதுப் பேரில் எழுந்தது. அந்தோணியைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை. எழுந்தார். முதல் வரிசைக் கம்ப்யூட்டருக்கு ஓடிப்போய் அங்கிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வரி ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து விழ ஆரம்பித்தது. பரீட்சைத் திரை, இடி விழுவதற்கு முன் இருந்த அதே அசிங்கமான நீல நிறத்தில் வந்து நின்றது.

டெரிக் சிரித்தார். பாதி முகத்தில்தான் சிரிப்பு வரும், ஆனால் சத்தமாகச் சிரித்தார், இருமல் வரும்வரை. ப்ரோ அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். "சிரிக்கிறான் பாரும்மா. மனசுல இருந்தத எறக்கி வெச்சதும் எப்புடி சிரிக்கிறான் பாரு" என்றார். அவர் கண்ணும் நனைந்திருந்தது.

நான் எட்டாவது கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆக, அவர் கேட்டது என் பேரும் இல்லை, அண்ணன் பேரும் இல்லை. ஒரு எழுத்துப் பிழை. திரையில் தப்பைப் பார்த்துவிட்டு டீச்சரிடம் சொல்லியிருக்கிறார், இவ்வளவுதான். வேளச்சேரியிலிருந்து ஒரு மனுஷரை நான் ஓர் எழுத்துப் பிழைக்காக வரவழைத்து, இரண்டு வருஷமாக அவர் யாருக்கும் சொல்லாததைச் சொல்ல வைத்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. சொல்லிவிடலாமா? என்னவென்று சொல்வது?

போன் அடித்தது. ராம்குமார். கை தவறி ஸ்பீக்கரில் விழுந்தது.

"அக்கா, நாளிக்கு வரணுமா? ப்ரோ கெடச்சுதா இல்லியா?"

"கெடச்சுது. வர வேணாம்" என்று சட்டென்று வைத்துவிட்டேன்.

ப்ரோ நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஊர் பூரா சொல்லிட்டியா?" என்றார். கூச்சமும் சந்தோஷமும் கலந்த முகம், கல்யாண மாப்பிள்ளைகளுக்கு இருக்குமே, அது. பிறகு குரலை இறக்கி, "எத்தினி நாளா கேட்டுக்கினு இருந்தான்?" என்றார்.

"வியாழக்கிழமையிலேருந்து. விடாம" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ப்ரோ ஸ்டூலை மறுபடி இழுத்துப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டார், திரைக்கு முதுகைக் காட்டி. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னத்தான கேட்ட?" என்றார்.

டெரிக் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

அவருடைய ஆமா சில நேரம் ஆமா, சில நேரம் இல்ல. கூடப் பிறந்த அண்ணனுக்கு அது தெரியாது, மூன்று மாதமாக ஊட்டுகிற எனக்கும் இன்றுவரை தெரியாது. சாத்துக்குடி உரிக்கலாமென்று கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பரீட்சைத் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அந்தோணியின் பதில் வரிகள் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தன. தப்பு எதுவும் மிச்சமில்லை. டெரிக் திரைப் பக்கமே பார்க்காமல், அண்ணனின் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இடது கை விரலால் மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் குத்தவில்லை. வட்டம் மட்டும்.